சாவா மூவா முதல்

திருவண்ணாமலைக் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக் கொடைகளைப் பற்றியவை பல உண்டு. இத்தகைய கொடைகளின் அமைப்பு தமிழகம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றே. ஒருவர் 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பார். கோயில் அவற்றை மன்றாடி எனப்பட்ட இடையரிடம் ஒப்படைக்கும். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு மொழி தந்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும். கணக்கில் மந்தை குறைவதில்லை, மூப்பதும் இல்லை.

இதைப் பக்தியின் ஆவணமாக மட்டும் படித்தால் அதற்குள் இருக்கும் பொருளியல் நம் கண்ணுக்குத் தப்பிவிடும். முதல் அழியக்கூடாது, அதன் பயன் மட்டுமே செலவாக வேண்டும். நோய் வந்து மந்தை மடிந்தால் நட்டம் யாருக்கு? கொடுத்தவருக்கு இல்லை, கோயிலுக்கும் இல்லை. மன்றாடிக்குத்தான். அழியாத முதல் என்ற அழகிய சொல்லாட்சிக்கு அடியில், அழிவு முழுவதையும் தன் தலைமேல் ஏற்றுக்கொண்ட ஒரு மனிதர் இருந்தார்.

விளக்கெரிக்க இந்த ஏற்பாடு போதும். இதுவரை எவரும் செய்யாத ஒன்றைச் செய்து பார்க்க இது போதாது. புதிய தொழில்நுட்பத்தில் இறங்கும் நிறுவனத்துக்குத் தேவைப்படுவது, செத்துப் போகவும் சம்மதிக்கிற பணம். அப்படிப்பட்ட பணத்தைத் தமிழ்ச் சமூகத்திடம் பெரிய அளவில் முதன்முதலாகக் கேட்டவர்களில் ஒருவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

1906 அக்டோபர் 16 அன்று தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இதற்கும் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். அன்றைய தூத்துக்குடிக்கு நீராவிக் கப்பல் என்பது இன்றைய ராக்கெட்டுக்கு நிகரானது. விலை மிகுந்தது, வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது, ஏற்கெனவே ஒரு பெருநிறுவனத்தின் பிடியில் இருந்த துறை. முதலில் வாடகைக்குக் கிடைத்த கப்பல்கள் போட்டியாளரின் நெருக்குதலால் கைவிட்டுப் போயின. சொந்தக் கப்பலுக்காக வ.உ.சி. பம்பாய்க்குப் போனார். 1907இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

சங்கம் பதிவான ஆறாம் நாள், அக்டோபர் 22 அன்று, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. அழியவே அழியாது என்று நம்பி வெள்ளையர் கம்பெனியில் சேமிப்பைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். அந்த வீழ்ச்சியின் பின்விளைவாக, வி.கிருஷ்ணசுவாமி ஐயரின் முன்முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதே ஆண்டில் பாரதியின் பாடல்களை அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தவரும் இவரே. பாதுகாப்பான பணத்துக்கு ஒரு சுதேசி வீடும், துணிந்த பணத்துக்கு ஒரு சுதேசிக் கப்பலும் ஓராண்டு இடைவெளிக்குள் உருவாயின. வீடு நிலைத்தது, கப்பல் நிலைக்கவில்லை. ஏன்?

அரசின் அடக்குமுறை என்பது உடனே வரும் விடை. அது உண்மை. வ.உ.சி. 1908 மார்ச் 12இல் கைதானார். ஜூலை 7இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. ஆனால் அடக்குமுறைக்கு முன்பே பணத்தின் இயல்பில் ஒரு சிக்கல் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி 1856 முதல் தொழிலில் இருந்தது. அரசின் தபால் ஒப்பந்த வருமானமும் அதற்கு உண்டு. அது கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் இலவசமாக ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தது என்பார்கள். இப்படிப்பட்ட போட்டியில் வெல்வதற்கு ஒருமுறை பணம் போட்டால் போதாது. நட்டத்தைப் பார்த்த பிறகும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை போடுகிறவர்கள் வேண்டும்.

பங்கு வாங்கியவர்களில் பலர் அதை நாட்டுக்குச் செய்யும் கொடையாகக் கருதி வாங்கினார்கள். கொடை ஒருமுறை கொடுப்பது. கொடுத்ததும் மனம் நிறைந்துவிடும். வணிகக் கண்ணோடு வாங்கியவர்களுக்கோ முதல் குறையக்கூடாது. வ.உ.சி.யின் அரசியல் கம்பெனிக்கு ஆபத்து என்று இயக்குநர்கள் அஞ்சியதும் அவரோடு பிணங்கியதும் இதன் தொடர்ச்சிதான். ஆக, எல்லாச் சுமையும் மீண்டும் ஒரே மனிதர் தலையில் இறங்கியது. கொடுத்தவர்கள் மாறினார்கள், சட்டம் மாறியது. மன்றாடியின் நிலை மாறவில்லை.

பிற்காலம் இந்தச் சிக்கலுக்கு இருவேறு வழிகளைக் கண்டது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சோஹோ, வெளியார் மூலதனத்தைத் தவிர்த்து, தான் ஈட்டியதைக் கொண்டே வளர்ந்தது. 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் துணிகர மூலதனத்தை நாடி, 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றது. துணிகர முதலீட்டாளர் பத்து நிறுவனங்களில் பல மடியும் என்று தெரிந்தே பணம் போடுகிறார். பிழைக்கும் ஒன்றிரண்டு மற்றவற்றின் நட்டத்தை ஈடுகட்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் 2017இல் உருவான அக்னிகுல் நிறுவனம், பலமுறை ஒத்திப்போட்ட பிறகே 2024 மே 30 அன்று தன் முதல் ராக்கெட்டை ஏவியது. ஒவ்வொரு ஒத்திவைப்பையும் தாங்க, காத்திருக்கத் தெரிந்த பணம் பின்னால் வேண்டும்.

அந்தப் பணம் இன்னும் பெருநகரங்களைத் தாண்டி அதிகம் வரவில்லை. திருவண்ணாமலை போன்ற ஊரில் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. நகைக்கடன் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, வீட்டுப் பத்திரத்தின் பேரில் கடன் இருக்கிறது. எல்லாமே சாவா மூவா வகை. இங்கே ஓர் இளைஞர் அம்மாவின் சங்கிலியை அடகுவைத்து ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினால், அது தோற்கும்போது கடனுக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த வீட்டுக்குத்தான் ஆகிறது. நம்மிடம் துணிச்சல் இல்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். துணிந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து தோற்கச் சம்மதித்த பணம்தான் அரிதாக இருந்திருக்கிறது.