யாசோன் புகழ்: ஒரு மறுமதிப்பீடு

பொற்கம்பளி கொணர்ந்த யாசோனை, மெதேயாவைக் கைவிட்ட வஞ்சகன் என்றே பலரும் கொள்வர். கி.மு. 431-இல் அரங்கேறிய யூரிப்பிடீசின் ‘மெதேயா’ நாடகமே இக்கருத்தைப் பெரிதும் வேரூன்றச் செய்தது. பிற நூல்கள் காட்டுவது வேறு. கி.மு. 462-இல் பிண்டார் பாடிய நான்காம் பைதியப் பாடலில், அரசு கவர்ந்த பெலியாசிடம் மந்தையும் வயலும் விட்டுக்கொடுத்துச் செங்கோலை மட்டும் மென்மொழியால் வேண்டுகின்றான் யாசோன். கி.மு. 3-ஆம் நூற்றாண்டினரான அப்பொலோனியசின் காப்பியத்தில் அவன் இடர்க்கண் கலங்குவோனே; ஆயினும் கொல்கிசு மன்னனிடத்து வலிமைக்கு முன் சொல்லையே முயல வேண்டும் என்கின்றான். ஆகவே சொல்வன்மையே அவன் சிறப்பு என்பது எம் துணிபு. அச்சொல்லே மெதேயாவுக்கு உரைத்த சூளாகிப் பின் பொய்த்தது. அவன் பழியை யாம் துடைத்திலேம். புகழும் பழியும் ஓரூற்றிற் பிறந்தன என்றே கூறுகின்றோம்.