காவலனின் கண்: பதுங்கல் ஆட்டங்களின் வரலாறு

வீடியோ கேம்களில் பெரும்பாலானவை ஓடுவதையும் சுடுவதையும் மோதுவதையும் அடிப்படையாகக் கொண்டு வளர்ந்துவந்த காலத்திலேயே, எதிரியின் பார்வையில் படாமல் நகர்ந்து, எடுத்த காரியத்தை ஓசையின்றி முடித்துத் திரும்புவதையே வெற்றியாகக் கொள்ளும் ஒரு வகையும் தோன்றி, 40 ஆண்டுகளுக்கு மேலாகத் தனி மரபாக நிலைபெற்றிருக்கிறது. ஆடுவோர் ‘ஸ்டெல்த்’ என்று வழங்கும் இவ்வகையைத் தமிழில் பதுங்கல் ஆட்டம் எனலாம். இதன் வளர்ச்சியை அளப்பதற்குத் தகுந்த அளவுகோல் காவல் நிற்கும் எதிரியே ஆவான். அவனுக்கு முதலில் கண்ணும், பின்னர் காதும், இறுதியில் நினைவும் வாய்த்த ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் கலை ஒரு படி உயர்ந்தது என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

இதன் தொடக்கம் மிக எளியது. 1979-இல் ஜப்பானில் வெளிவந்த, ‘கடையில் திருடும் சிறுவன்’ என்று பொருள்படும் ‘மன்பிகி ஷோனென்’ என்னும் ஆட்டத்தில், கடைக்காரரின் பார்வை படாத நேரம் பார்த்துப் பொருளை எடுப்பதே ஆடுபவரின் வேலையாக இருந்தது. 1981-இல் அமெரிக்காவின் மியூஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த சைலஸ் வார்னர், ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய ‘காசில் வுல்ஃபென்ஸ்டைன்’ இந்தக் கருவை விரிவாக்கியது. நாஜிக் கோட்டையில் சிறைப்பட்ட ஒருவர் இரகசியப் போர்த் திட்டத்தைக் கைப்பற்றித் தப்ப வேண்டிய அவ்வாட்டத்தில் தோட்டாக்கள் குறைவு என்பதால், வீரனின் சீருடையை அணிந்துகொண்டு காவலரைக் கடந்துசெல்வது சுடுவதைவிடச் சிறந்த வழியாக அமைந்தது; ஆயினும் எஸ்.எஸ். என்னும் சிறப்புப் படையினரிடம் அந்த வேடம் பலிக்கவில்லை. காவலர்கள் ஜெர்மன் மொழியில் ‘ஹால்ட்’ என்று அதட்டும் குரல் கணினியின் சிறிய ஒலிபெருக்கியிலிருந்து எழுந்தது அக்காலத்து ஆடுநர்களுக்குப் புதிய அனுபவமாக இருந்தது. பின்னர் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் அதே பெயரை ஏற்று 1992-இல் ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’யை உருவாக்கியபோது, உடல்களை இழுத்து மறைத்தல், சீருடை மாற்றுதல் போன்றவற்றை முதலில் சேர்த்திருந்தும், ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கின்றன என்று கருதி அவற்றை நீக்கிவிட்டது.

இதற்கிடையே ஜப்பானில், ஒரு கருவியின் குறைபாடே இவ்வகைக்கு உறுதியான இலக்கணத்தை வகுத்துத் தந்தது. 1986-இல் கொனாமி நிறுவனத்தில் சேர்ந்த ஹிடியோ கொஜிமாவிடம், எம்.எஸ்.எக்ஸ். 2 வகைக் கணினிக்குப் போர் ஆட்டம் ஒன்றை உருவாக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அக்கணினி, ‘ஸ்பிரைட்’ எனப்படும் நகரும் உருவத்துண்டுகளைத் திரையின் ஒரு கிடைக்கோட்டில் 8-க்கு மேல் காட்ட இயலாதது. ஒரு வீரனின் உருவத்துக்கே பல துண்டுகள் தேவைப்பட்டதால், வீரர்களும் தோட்டாக்களும் ஒரே வரிசையில் குவிந்தால் அவற்றுள் சில மறைந்துபோகும். எனவே சண்டையைத் தவிர்த்துத் தப்பிச் செல்வதையே ஆட்டமாக்கலாம் என்று கொஜிமா முடிவுசெய்தார். 1963-இல் வெளிவந்த ‘த கிரேட் எஸ்கேப்’ திரைப்படம் அவருக்குத் தூண்டுகோலாக இருந்தது. இவ்வாறு 1987-இல் உருவான ‘மெட்டல் கியர்’ ஆட்டத்தில், நேர்கோட்டில் மட்டுமே பார்க்கும் காவலன், ஊடுருவியவரைக் கண்டவுடன் அவன் தலைக்கு மேல் ஒரு வியப்புக்குறி தோன்றும். 1990-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவனது பார்வை கோண அளவில் விரிந்ததுடன், ஓசையைக் கேட்டு வந்து பார்க்கும் திறனும் அவனுக்கு வாய்த்தது.

இவ்வகையின் பொற்காலம் 1998 என்பதில் ஐயமில்லை. அந்த ஓராண்டிலேயே, நிஞ்ஜா எனப்படும் ஜப்பானிய ஒற்றரை நாயகராகக் கொண்ட ‘டென்ச்சு’, கொஜிமாவின் ‘மெட்டல் கியர் சாலிட்’, அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் உருவாக்கிய ‘தீஃப்’ ஆகிய மூன்றும் வெளிவந்தன. ‘மெட்டல் கியர் சாலிட்’ ஆட்டத்தில் பனியில் பதிந்த காலடித் தடத்தைக் கண்ட காவலன், அதைப் பின்பற்றி நடந்து வந்து தேடுவான். ‘தீஃப்’ இன்னும் ஆழமாகச் சென்று, ஒளியையும் ஒலியையுமே ஆட்டத்தின் களமாக்கியது. திரையின் அடியில் பதிக்கப்பட்ட ஒரு மணிக்கல், கள்வன் நிற்கும் இடத்தின் வெளிச்சத்துக்கேற்ப ஒளிர்ந்தும் மங்கியும், அவன் எந்த அளவுக்குப் பிறர் கண்ணில் படுவான் என்பதைக் காட்டியது. கம்பளத்தின்மேல் நடந்தால் எழாத ஓசை, பளிங்குத் தரையிலும் உலோகத் தகட்டிலும் உரக்க எழுந்து அடுத்த அறைக் காவலனின் காதுக்கு எட்டியது. நீர் நிரப்பிய அம்பை எய்து தீப்பந்தத்தை அணைப்பதும், பாசி அம்பை எய்து தரையை மெத்தென்று ஆக்குவதும் அதற்கான உபாயங்களாயின. காவலனும் கண்டான், காணவில்லை என்னும் இரு நிலைகளோடு நின்றுவிடாமல், ஐயுற்று, முணுமுணுத்து, தேடி, பின் சலித்துத் தன் இடத்துக்குத் திரும்பும் மனிதனைப் போல நடந்துகொண்டான்.

இருளுக்குப் பதிலாக மக்கள் கூட்டத்தையே மறைவிடமாக்கியது அடுத்த மாற்றம். மாறுவேடத்தை மையமாகக் கொண்டு 2000-இல் வந்த ‘ஹிட்மேன்’ அதற்கு வழிகாட்ட, யூபிசாஃப்ட் மான்ட்ரியல் நிறுவனம் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ வரிசையின் தொடர்ச்சியாகத் தொடங்கி, 2007-இல் தனி ஆட்டமாக வெளியிட்ட ‘அசாசின்ஸ் கிரீட்’ அதை நகரளவுக்கு விரித்தது. மூன்றாம் சிலுவைப்போர் நடந்த 1191-ஆம் ஆண்டின் ஜெருசலேம், டமாஸ்கஸ், ஏக்கர் ஆகிய நகரங்களில், பட்டப்பகலில், வெள்ளை அங்கி அணிந்த அறிஞர்களின் நடுவே தலைகுனிந்து நடந்தும், இருக்கையில் அமர்ந்திருக்கும் இருவருக்கு இடையே சென்று அமர்ந்தும் நாயகன் தன்னை மறைத்துக்கொள்வான்; ஓடினாலோ சுவரேறினாலோ காவலரின் பார்வை அவன்மேல் திரும்பும். ‘ஓப்பன் வேர்ல்ட்’ எனப்படும் திறந்த உலகம், அதாவது எந்தத் திசையிலும் தடையின்றிச் செல்லக்கூடிய பெரும் நிலப்பரப்பு, பதுங்கலோடு இவ்வாறு கலந்தது.

இக்கலப்பு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. பதுங்கல் ஆட்டம், காவலரின் வழித்தடம் நுட்பமாகத் திட்டமிடப்பட்ட குறுகிய இடத்தை நம்பியது. திறந்த உலகமோ ஆடுபவர் எங்கிருந்து வருவார் என்பதை முன்கூட்டி அறிய முடியாதது. இதற்குச் சிறந்த விடையைத் தந்தது 2015-இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 5: த ஃபாண்டம் பெய்ன்’ ஆகும். 1984-ஆம் ஆண்டின் ஆப்கானிஸ்தானில் குதிரையேறிச் செல்லும் ஆடுநர், குன்றின் மேலிருந்து தொலைநோக்கி வழியாகக் காவல்சாவடியை நோக்கி, வீரர்களை ஒவ்வொருவராக அடையாளமிட்டு, எந்தப் பக்கத்தால், எந்த வேளையில் இறங்குவது என்று தாமே தீர்மானிக்கிறார். தகவல்தொடர்புக் கருவியை அழித்துவிட்டால் சாவடியினர் தலைமையகத்தை அழைக்க முடியாது, மணற்புயல் எழுந்தால் அதுவே திரையாகிவிடும். இங்கே எதிரிக்கு நினைவும் வாய்த்தது. தலையைக் குறிவைத்துச் சுடுவதையே ஒருவர் வழக்கமாக்கினால் வீரர்கள் தலைக்கவசம் அணியத் தொடங்குகின்றனர். இரவிலேயே ஊடுருவினால் இருளில் பார்க்கும் கண்ணாடியோடு காவல் நிற்கின்றனர். ஆடுபவரின் பழக்கமே அவருக்கு எதிரியாகிவிடும் இந்த ஏற்பாடு, இவ்வகையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

2020-இல் சக்கர் பஞ்ச் நிறுவனம் வெளியிட்ட ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’, பதுங்குதலை அறத்தின் கேள்வியாகவே எழுப்பியது. 1274-இல் மங்கோலியர் படையெடுத்த சுஷிமா தீவில், எதிரியை நேருக்கு நேர் சந்திப்பதே மானம் என்று வளர்க்கப்பட்ட சாமுராய் ஒருவன், தன் மக்களைக் காக்க மறைந்து தாக்கும் வழியை மேற்கொள்ளும்போது, அவனை வளர்த்த மாமனே அவனை இகழ்கிறார். வழிகாட்டும் அம்புக்குறிக்குப் பதிலாகக் காற்று வீசித் திசை காட்டும் அவ்வாட்டம், கற்பனை எல்லையைக் கடந்து உண்மையான தீவுக்கும் பயன்பட்டது. 2020 செப்டம்பரில் சூறாவளியில் வீழ்ந்த வதட்சுமி ஆலயத்தின் தோரி எனப்படும் தூண்வாயிலை மீண்டும் நிறுவ 50 லட்சம் யென் வேண்டப்பட்டபோது, ஆட்ட ஆர்வலர்கள் பலரும் முன்வந்து உதவ, 2.5 கோடி யென்னுக்கும் மேல் திரண்டது.

நேர்கோட்டில் மட்டுமே பார்த்த காவலன், ஊடுருவியவரின் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் காவலனாக வளர்ந்ததே இந்த மரபின் வரலாறு. அவன் கூர்மை பெறப் பெற, ஆடுபவரும் அவசரத்தை விட்டு உற்று நோக்கவும் காத்திருக்கவும் கற்றுக்கொண்டார். ஆகவே, புதிதாக வெளிவரும் திறந்த உலகப் பதுங்கல் ஆட்டம் ஒன்றை மதிப்பிட விரும்புவோர், அதன் நிலப்பரப்பு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அதன் காவலன் எதைப் பார்க்கிறான், எதைக் கேட்கிறான், எதை நினைவில் வைத்துக்கொள்கிறான் என்று கேட்பதே முறையாகும்.