அவிழ்க்கத் தெரிந்த கட்டு

வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டில் மேசைக்கடியில் குனிந்து பாருங்கள். மானிட்டர், சிபியூ, மோடம், பிரிண்டர், யூபிஎஸ் என்று ஆளுக்கு ஒன்றிரண்டாக நீட்டிய ஒயர்கள் இடியாப்பமாகக் கிடக்கும். வீட்டில் யாராவது பொறுமைசாலி இருந்தால் அதைக் கட்டியும் வைத்திருப்பார். ஒரு முனையில் மளிகைப் பொட்டலத்தோடு வந்த சணல், நடுவில் ரப்பர் பேண்ட், கடைசியில் ஒரு வெள்ளை நைலான் பட்டை. ரிச்சி தெருவில் நூறு நூறாகப் பாக்கெட்டில் கிடைக்கும் அந்தப் பட்டைக்குப் பெயர் கேபிள் டை. சில எலக்ட்ரீஷியன்கள் ‘டேக்’ என்பார்கள். இரண்டு விநாடியில் முடிகிற இந்த வேலைக்குப் பின்னால் நெடிய கதை இருக்கிறது. அதன் முதல் அத்தியாயம் இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், காசிமேட்டுக் கடற்கரையில் தொடங்குகிறது.

கட்டுமரத்தின் பெயரிலேயே கட்டு இருக்கிறது. ஆணி இல்லை, பசை இல்லை. செதுக்கிய மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றால் இறுக்கினால் படகு தயார். கரைக்கு வந்ததும் மீனவர்கள் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டு வந்தார்கள். நீர் குடித்த மரம் உலர்ந்தால்தான் மறுபடி நன்றாக மிதக்கும். கட்டுமரம் என்ற இந்தச் சொல்லைத்தான் ஆங்கிலேயர்கள் ‘கேட்டமரான்’ என்று எடுத்துப்போனார்கள். தென்னை நாருக்கு அவர்கள் சொல்லும் ‘காயர்’ என்பதும் மலையாளத்துக் கயறு வழியே போனதுதான். அவர்கள் பதிலுக்குக் கொடுத்த ‘கேபிள்’ மட்டும் என்னவாம்? மின்சாரம் வருமுன் அது நங்கூரத்தில் கட்டும் தடித்த கயிற்றின் பெயர். ஆக, கயிறு கொடுத்துக் கயிறு வாங்கியிருக்கிறோம்.

வண்ணாரப்பேட்டைக்கும் கட்டுவது புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் பெரிய சரக்கு துணிதான். அதை வெளுத்து உலர்த்துகிறவர்கள் குடியிருந்ததால் பேட்டைக்கு இந்தப் பெயர். வெளுத்த துணி மடிந்து, அழுந்தி, பொதியாகி, கப்பலேறி லண்டன் போயிற்று. இன்று எம்.சி. ரோட்டில் மொத்த வியாபாரிகள் கட்டும் ஜவுளி மூட்டைகள் அந்தப் பொதிகளின் பேரப்பிள்ளைகள்.

பொதி போன கடலிலேயே அடுத்து ஒயர் வந்தது. 1840களில் சிங்கப்பூரிலிருந்த மாண்ட்கோமரி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மலாய்க் காட்டு மரமொன்றின் பாலை லண்டனுக்கு அனுப்பினார். பெயர் கட்டாபெர்ச்சா. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். அறுவை மருத்துவத்துக்கு உதவும் என்பது அவர் எண்ணம். தந்திக்காரர்களோ அது தண்ணீருக்கடியில் மின்சாரத்தைக் கசியவிடாது என்று கண்டுபிடித்து, தாமிரக் கம்பிக்குச் சட்டையாகப் போர்த்தினார்கள். அதற்கு மேல் நூல் சுற்றி, இரும்புக் கம்பிகளால் முறுக்கிக் கடலில் இறக்கினார்கள். 1871இல் சென்னையையும் பினாங்கையும் இப்படி ஒரு கேபிள் இணைத்தது. மலாய் மரத்தின் பால் லண்டன் போய்ச் சட்டையாகி, சென்னை வழியாகப் பிறந்த ஊருக்கே திரும்பியது என்று சொன்னால் தப்பில்லை.

தந்திக்கு ஒரு கம்பி போதும். தொலைபேசி வந்ததும் கணக்கு மாறியது. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனிக் கம்பி; எல்லாம் ஒரே அறையில் வந்து குவியும். 1880களின் தொடக்கத்தில் பாரிமுனைப் பக்கம் எர்ரபாலு செட்டி தெருவில் எக்ஸ்சேஞ்ச் வைத்தபோது இணைப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பிறகு பெருகின. உலகமெங்கும் எக்ஸ்சேஞ்சுகளில் இதற்குக் கண்ட வழி, மெழுகு பூசிய நூல். கம்பிக்கற்றையைச் சுற்றி நூலைக் கொண்டுவந்து, அதன் அடியிலேயே நுழைத்து இழுத்து, கொஞ்சம் தள்ளி மறுபடி அதையே செய்வது. நூல் அறுபடாமல் ஓடும். முடிச்சுகள் மட்டும் சீரான இடைவெளியில் விழும். இதைப் பார்க்க எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டாம். கோயில் வாசலில் மல்லிகை தொடுக்கும் பூக்காரம்மாவின் விரல்களைப் பார்த்தால் போதும். நாசாவின் விண்கலங்களில் இன்றும் இப்படி நூலால் தொடுத்த கற்றைகள் உண்டு.

விமானம் பெருத்தபோதுதான் நூலுக்குச் சோதனை வந்தது. 1956இல் தாமஸ் அண்ட் பெட்ஸ் கம்பெனியின் மாரஸ் லோகன், போயிங் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போனார். ஒரு விமானத்துக்கு ஆயிரக்கணக்கான அடி ஒயர். அதைப் பணியாளர்கள் மெழுகு நூலால் ஒவ்வொரு முடிச்சாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நூல் விரலை அறுத்தது. வேலை ஆமையாக ஊர்ந்தது. இரண்டு ஆண்டுகள் மண்டையைக் குடைந்த லோகன், 1958இல் ‘டை-ராப்’ என்ற பட்டைக்குக் காப்புரிமை கேட்டார்.

அந்தப் பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாலில் வரிசையாகப் பற்கள். தலையில் ஒரு ஓட்டை, அதற்குள் சின்ன நாக்கு. வாலைச் செருகி இழுத்தால் நாக்கு ஒவ்வொரு பல்லையும் தாண்டவிட்டு ‘டிக் டிக்’ என்று விழும். திரும்பி வர விடாது. முதலில் நாக்கு உலோகத்தில் இருந்தது. பிறகு தலை, நாக்கு, வால் எல்லாம் ஒரே நைலான் வார்ப்பாயின. அந்த நைலானே 1935இல் டூபாண்ட் ஆய்வகத்தில் பிறந்து, பெண்களின் காலுறையாக உலகப் புகழ் அடைந்த சரக்கு.

ஒரே வார்ப்பில் முடிகிற பொருளை நகல் எடுப்பது சுலபம். அச்சும் நைலானும் இருந்தால் போதும் என்று ஆனபின், விமானத்துக்காகப் பிறந்த பட்டை பேனரைக் கம்பத்தில் கட்டவும், செடியைக் குச்சியோடு நிறுத்தவும் இறங்கி வந்தது. அமெரிக்கப் போலீஸ் அதையே கைவிலங்காகவும் ஆக்கிக்கொண்டது.

இதற்கிடையே கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வந்துவிட்டது. பழைய சிபியூவின் பக்கத்தகட்டைக் கழற்றியவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறப் பட்டை ஒயர் நினைவிருக்கும். மூன்று விரல் அகலத்தில் நாற்பது ஊசிகளுக்கான கம்பிகள், ஃபேன் காற்றுக்கு முன்னால் திரை போட்டாற்போல் தொங்கும். 2003இல் சாட்டா என்ற மெல்லிய ஒயர் வந்து அதை ஓரங்கட்டியது. ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் வெயிலும் தூசியும் உப்புக்காற்றும் சேர்ந்து வரும். அங்கே ஒயரைக் கட்டி ஒதுக்குவது அழகுக்கு மட்டுமா? காற்று தடையின்றி ஓடினால் பெட்டி குளிரும். ஒயர் குவியல் இல்லாவிட்டால் தூசி தங்கும் இடமும் குறையும்.

ஆனால் நைலான் பட்டைக்கு ஒரு குணம்: போட்டால் போட்டதுதான். மோடம் மாற்றினால் பிளேடு வேண்டும். பிளேடு பட்டையோடு பக்கத்து ஒயரின் தோலையும் சீவும். லேன் கேபிளில் இழுத்து இறுக்கினால் உள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய கம்பிகள் நசுங்கி சிக்னல் கெடும். மருந்து வேறொரு தற்செயலிலிருந்து வந்தது. 1941இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், மலைக்கு நாயோடு போய்த் திரும்பியபோது இருவர் மேலும் முள்விதைகள் ஒட்டியிருந்தன. நம் ஊர் நாயுருவி செய்யும் அதே குறும்பு. நுண்பெருக்கியில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கொக்கிகள்! பருத்தியில் முயன்று தோற்று, நைலானில் வென்று, 1955இல் காப்புரிமை பெற்றார். வெல்வெட்டுக்கும் கொக்கிக்குமான பிரெஞ்சுச் சொற்களைப் பாதிப் பாதியாக ஒட்டி ‘வெல்க்ரோ’ என்று பெயரிட்டார். 1978இல் காப்புரிமை காலாவதியானது. தைவானும் தென்கொரியாவும் மலிவு நகல்களோடு காத்திருந்தன. இன்று சர்வர் அறைகளில் லேன் கற்றைகளைப் பிடித்திருப்பது பெரும்பாலும் இந்த ஒட்டுப்பட்டைதான்.

2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ என்ற ஒளியிழைக் கேபிள் வந்தது. கட்டாபெர்ச்சா போன கடலிலேயே இப்போது கண்ணாடி இழை கிடக்கிறது. ஒயர் மாறும், மோடம் மாறும், மேசையே மாறும். அதனால் அடுத்த முறை மேசைக்கடியில் உட்காரும்போது, கழற்றி மாட்டக்கூடிய பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். பிளேடைத் தேட வேண்டியிருக்காது. காசிமேட்டு மரங்களும் காலையில் கட்டி, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காய வைத்தவைதான்.