கோட்டுக்குள் ஒரு பெயர்

போன மார்கழியில் ஒரு சரிட்டிக் கடையில் 8 பவுணுக்கு ஒரு கம்பளிக் கோட் வாங்கினேன். மண்ணிறம், நல்ல பாரம், ஒரு பொத்தான்கூடக் கழன்றிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து உட்பக்கத்தைப் பார்த்தபோதுதான் கழுத்துப் பட்டிக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளை நாடா தைத்திருப்பது தெரிந்தது. அதில் ஒரு பெயர், பக்கத்தில் ஓர் அறை எண்.

முதியோர் இல்லங்களில் எல்லாருடைய உடுப்பையும் சேர்த்துத்தான் தோய்ப்பார்கள். மாறிப்போகாமல் இருக்க இப்படிப் பெயர் தைப்பது வழக்கம். அந்த இல்லத்திலிருந்து கோட் ஏன் கடைக்கு வந்தது என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. அம்மம்மாவும் ஊகித்துவிட்டார்.

"செத்த ஆக்களின்ர உடுப்பை ஏன் பிள்ளை வீட்டுக்குள்ள கொண்டு வந்தனீ?"

நான் சுற்றுச்சூழல், குப்பை, மலிவு உடுப்புக் கடைகள் என்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "எங்களிட்ட உடுப்பு இல்லையே?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இறந்தவர்களின் உடுப்பை யார் யார் போட்டார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். நான் நினைத்ததைவிட அது நீண்ட கதை.

ஷேக்ஸ்பியரின் உடுப்பு எங்கே போனது?

பள்ளிக்கூடத்தில் ஷேக்ஸ்பியர் படித்தவர்களுக்கு அவருடைய உயிலில் வரும் கட்டில் கதை தெரிந்திருக்கும். மனைவி ஆனுக்கு அவர் விட்டுப்போனது தன்னுடைய 'இரண்டாவது நல்ல கட்டில்'. அதே உயிலில் இன்னொரு வரி உண்டு, அதை யாரும் பகிடியாகச் சொல்வதில்லை. தங்கை ஜோன் ஹார்ட்டுக்கு 20 பவுணும் தன்னுடைய உடுப்புகள் எல்லாவற்றையும் கொடுத்தார். அது 1616ஆம் ஆண்டு. ஜோனின் கணவர் தொப்பி செய்கிறவர். ஷேக்ஸ்பியர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் அவரும் இறந்தார். வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள். மாமனின் உடுப்பு அந்தப் பிள்ளைகளுக்குத்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இது இரக்கத்தில் போட்ட பிச்சை இல்லை. அந்தக் காலத்தில் துணி என்றால் சொத்து. நூல் நூற்பது, நெய்வது, சாயம் போடுவது, தைப்பது எல்லாமே கையால். தறியும் ராட்டையும் இயந்திரமாகாத உலகத்தில் ஒரு நல்ல மேலங்கிக்குள் பல மாத உழைப்பு இருந்தது. அதனால் நாங்கள் வீட்டையும் நகையையும் உயிலில் எழுதுவதுபோல, அவர்கள் மேலங்கியையும் சட்டையையும் எழுதினார்கள்.

பிரபுவின் பட்டு, நடிகரின் தோள்

1599இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து தோமஸ் பிளாட்டர் என்ற இளைஞர் லண்டனுக்கு வந்தார். நாடகம் பார்த்தார். நடிகர்கள் இவ்வளவு விலையுயர்ந்த உடுப்பில் வருகிறார்களே என்று அதிசயப்பட்டு, அதன் காரணத்தையும் எழுதிவைத்தார். பிரபுக்கள் சாகும்போது தங்களுடைய நல்ல உடுப்புகளை வேலைக்காரர்களுக்கு விட்டுப்போவார்கள். ஆனால் வேலைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போவது பொருந்தாது. ஆகவே அவர்கள் குறைந்த விலைக்கு நடிகர்களுக்கு விற்றுவிடுவார்கள்.

ஏன் பொருந்தாது? யார் எந்தத் துணி போடலாம் என்பதற்கு அப்போது இங்கிலாந்தில் சட்டமே இருந்தது. வெல்வெட், பட்டு, சில நிறங்கள் எல்லாம் தகுதிப்படிதான். முதலாம் எலிசபெத் இராணி இதை வலியுறுத்தித் திரும்பத் திரும்ப அறிவித்தல் விட்டார். 1604இல்தான் அந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. அதுவரை இறந்த பிரபுவின் சட்டை வேலைக்காரனுக்குச் சொந்தமாகலாம், அவன் உடம்பில் ஏற முடியாது. மேடையில் அரசனாக நடிக்கிறவன் மட்டும் அதைப் போடலாம்.

விலையையும் பாருங்கள். பிலிப் ஹென்ஸ்லோ என்ற நாடகக் கொட்டகை முதலாளி ஒரு கணக்குப் புத்தகம் விட்டுப்போயிருக்கிறார். அவர் அடகுபிடிக்கும் தொழிலும் செய்தவர். 1603இல் ஒரு நாடகம் எழுத தோமஸ் ஹேவுட்டுக்குக் கிடைத்தது 6 பவுண். அதே நாடகத்தின் கதாநாயகிக்கு வாங்கிய கறுப்பு வெல்வெட் கவுனுக்குப் போனது 6 பவுண் 13 ஷில்லிங். எழுதினவரைவிடச் சட்டைக்கு மதிப்புக் கூட.

பயத்துக்குக் காரணம் இருந்தது

இதை அம்மம்மாவுக்குச் சொன்னபோது, "வருத்தம் தொத்தாதே?" என்று கேட்டார். அதுவும் சரியான கேள்விதான்.

1665இல் லண்டனில் கொள்ளைநோய் வந்தபோது, நோய் கண்ட வீடுகளிலிருந்து உடுப்போ படுக்கையோ வெளியே எடுக்கக் கூடாது, பழைய உடுப்பு விற்கக் கூடாது என்று நகர ஆட்சி கட்டளை போட்டது. கிருமி என்ற ஒன்று இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் துணியோடு ஏதோ வருகிறது என்று கவனித்திருந்தார்கள்.

அந்த 'ஏதோ' என்ன என்பதை டைபஸ் காய்ச்சலில் கண்டுபிடித்தவர் சார்ள் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1909இல், தூனிஸ் நகரத்தில். நோயாளிகள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்வரை மற்றவர்களுக்குத் தொற்றியது. வாசலில் அவர்களுடைய உடுப்பைக் கழற்றி, குளிப்பாட்டி உள்ளே அனுப்பிய பிறகு தொற்றவில்லை. ஆனால் கழற்றிய உடுப்பைக் கையாண்ட ஊழியர்களுக்கு நோய் வந்தது. துணியின் தையலுக்குள் ஒளிந்திருந்த பேன்தான் காரணம். உடம்பு குளிர்ந்தால் பேன் சூடான இன்னோர் உடம்பைத் தேடிப் போகும். இறந்தவரின் உடுப்புக்குப் பயப்படச் சொன்ன பாட்டிகள் எல்லாரும் முட்டாள்கள் இல்லை என்று இதை வாசித்தபோது நினைத்தேன். நிக்கோலுக்கு 1928இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அறிவைக் கெட்டதற்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 1763இல், இன்றைய அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் இருக்கும் இடத்தில் இருந்த பிரித்தானியக் கோட்டையில், பேச்சுவார்த்தைக்கு வந்த டெலவேர் மக்களின் பிரதிநிதிகளுக்கு இரண்டு போர்வையும் ஒரு கைக்குட்டையும் பரிசாகக் கொடுத்தார்கள். அவை அம்மைநோய் ஆஸ்பத்திரியிலிருந்து எடுக்கப்பட்டவை. கோட்டையில் இருந்த ஒரு வியாபாரியே தன் குறிப்பேட்டில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

முழத்துண்டு

இதுவரை எல்லாம் வேறு ஆட்களின் கதை. எங்கள் பக்கம் என்ன?

அரிச்சந்திரன் கதை எனக்கு அம்மம்மா சொன்னதுதான். பொய் சொல்லாத அரசன் எல்லாவற்றையும் இழந்து, சுடலை காக்கிற வேலைக்கு அடிமையாகப் போகிறான். பிணம் எரிக்க வருகிறவர்கள் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கொடுக்க வேண்டும். ஒருநாள் சந்திரமதி, பாம்பு கடித்துச் செத்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அவளிடம் ஒன்றும் இல்லை. சொந்த மனைவியிடமே அரிச்சந்திரன் கூலி கேட்கிறான்.

சின்ன வயதில் நான் அந்த இடத்தில் அழுவேன். முழத்துண்டு எதற்கு என்று கேட்டதே இல்லை. இந்த முறை கேட்டேன்.

"பிரேதத்துக்கு மேல போடுற துணி. அது அவைக்குப் போகும்."

"அவை எண்டால் ஆர் அம்மம்மா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சாதிப் பெயரைச் சொல்வதற்கு முன்பு எங்கள் வீட்டில் பெரியவர்கள் குரலைக் குறைப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அப்படித்தான் சொன்னார். சாவீட்டு வேலையும் சுடலை வேலையும் செய்வதற்கென்று ஊரில் சில குடும்பங்கள். பிணத்தின்மேல் போர்த்திய துணி அவர்களுக்கு.

"அவை விருப்பப்பட்டே எடுத்தவை?"

"ஆர் பிள்ளை கேட்டது?"

இது ஓர் ஊரின் பழக்கம் மட்டும் இல்லை. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், 'சண்டாளர்' என்று தள்ளிவைக்கப்பட்டவர்கள் இறந்தவர்களின் உடுப்பைத்தான் உடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. அவர்கள் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், உடைந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டும் என்பதும் அதே இடத்தில்தான் வருகிறது. 1927 டிசம்பர் 25ஆம் திகதி, மகாராஷ்டிராவின் மகாட் என்ற ஊரில் அம்பேத்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த நூலை எரித்தார்கள். என்ன போடலாம் என்பதை இன்னொருவர் தீர்மானிப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கிலாந்தில் சட்டம் வேலைக்காரனிடம் 'இறந்தவரின் நல்ல துணியைப் போடாதே' என்றது. மனு 'இறந்தவரின் துணியைத் தவிர வேறு போடாதே' என்றார். இரண்டும் எதிரெதிர் மாதிரி இருக்கும். இரண்டிலும் போடுகிறவரிடம் யாரும் கேட்கவில்லை.

செத்த வெள்ளைக்காரனின் உடுப்பு

இப்போது எங்கள் காலத்துக்கு வருவோம். நாங்கள் சரிட்டிக் கடைக்குக் கொடுக்கும் உடுப்பு எல்லாம் அந்தக் கடையிலேயே விற்பதில்லை. மிச்சத்தில் பெரும்பங்கை மொத்த வியாபாரிகள் வாங்கி, தரம் பிரித்து, பொதியாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஆபிரிக்காவில் ஒவ்வோர் இடத்திலும் அதற்கு ஒரு பெயர். கென்யாவில் 'மிட்டும்பா', அதாவது பொதிகள். சாம்பியாவில் 'சலவுலா', குவியலைக் கிளறி எடுப்பது. கானாவில் 'ஒப்ரோனி வாவு'. அக்கான் மொழியில் அதன் பொருள் 'வெள்ளைக்காரன் செத்துவிட்டான்'.

அந்தப் பெயருக்கு மக்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது. நல்ல நிலையில் இருக்கும் இவ்வளவு உடுப்பை உயிரோடு இருக்கிற யாராவது கொடுப்பார்களா? போட்டவர் செத்திருக்க வேண்டும்.

கானாவின் தலைநகர் அக்ராவில் இருக்கும் கன்ராமான்ரோ சந்தை இந்த உடுப்பு வியாபாரத்தின் பெரிய மையங்களில் ஒன்று. வியாபாரிகள் ஏறத்தாழ 55 கிலோ பொதியைத் திறந்து பார்க்காமலே காசு கொடுத்து வாங்குவார்கள். உள்ளே நல்லது இருந்தால் இலாபம். கிழிசலும் கறையும் இருந்தால் கடன். பொதிகளைத் தலையில் சுமக்கும் வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் வடக்கிலிருந்து வந்த இளம் பெண்கள், பலர் எங்கள் வயதுதான். விற்காதது சாக்கடைக்கும் கடற்கரைக்கும் போகிறது. 2025 ஜனவரி முதலாம் திகதி இரவு அந்தச் சந்தையில் பெருந்தீ பிடித்து, ஆயிரக்கணக்கானவர்கள் கடைகளை இழந்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த நாடும் உண்டு. சொந்த நாட்டு உடுப்புத் தொழிலை வளர்க்க நினைத்த ருவாண்டா 2016இல் பழைய உடுப்புக்கான இறக்குமதி வரியைப் பல மடங்கு கூட்டியது. 2018இல் அமெரிக்கா, ருவாண்டாவில் தைத்த உடுப்புக்குக் கொடுத்த வரிச்சலுகையை நிறுத்திவைத்தது. 'ஆர் பிள்ளை கேட்டது?' என்ற அம்மம்மாவின் குரல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஒப்ரோனி வாவு என்ற பெயரில் ஒரு பிழை இருக்கிறது. அந்த உடுப்பில் பெரும்பாலானவற்றின் சொந்தக்காரர் சாகவில்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். நான்கு முறை போட்டுவிட்டு நான் பையில் போட்டுக் கொடுத்த சேட்டும் அதற்குள் இருக்கலாம்.

கோட் இப்போது எங்கே?

இதையெல்லாம் ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருந்தேன். பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தினார்.

"மாமி, நான் இங்க வந்த முதல் விண்டருக்குச் சேர்ச்சில ஒரு கோட் தந்தவை. அதுவும் ஆரோ செத்தவற்றதான். அவற்ற மனிசிதான் கையில கொண்டு வந்து தந்தவா. மூண்டு வருசம் போட்டனான்."

இது அம்மாவுக்கே தெரியாது. வந்த புதிதில் கடிதத்தில் எழுதவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "வெக்கமா இருந்தது" என்றார். குளிர் தாங்க முடியாமல் போட்டதற்கு என்ன வெட்கம் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. பிறகு யோசித்தேன். நான் 8 பவுண் கொடுத்துத் தெரிவு செய்தேன். அவருக்குத் தெரிவு இருக்கவில்லை. ஒரே மாதிரிக் கோட்தான்.

அம்மம்மா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிசி எப்படிப்பட்டவர், என்ன சொல்லித் தந்தார் என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார். "உமக்கு அளவாத்தான் இருக்கும் எண்டு சொன்னவா," என்றார் அப்பா.

அடுத்த நாள் காலை என் அறை வாசலில் நின்று, "அதை நல்லாத் தட்டி வெயில்ல போடு. பிறகு பாப்பம்," என்றார். லண்டனில் தை மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? மூன்று நாள் யன்னலோரம் தொங்கவிட்டேன்.

இப்போது அதைத்தான் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறேன். அந்த வெள்ளை நாடாவை வெட்டவில்லை. அம்மம்மாவுக்கு இன்னும் பிடிக்கவில்லை. கோட்டைத் தன்னுடைய சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மட்டும் கொழுவ வேண்டாம் என்கிறார், நானும் கொழுவுவதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது முதல் குளிருக்கு யாருடையதோ கோட்டைப் போட்டிருப்பார்கள். இந்த வார இறுதியில் கேட்டுப் பாருங்கள்.