பாய்ஸ் கம்பெனிகளில் பாட்டுப் பயிற்சியும் ஆர்மோனியமும்

பாய்ஸ் கம்பெனி என்பது பெரும்பாலும் சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்டு, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்தில் இயங்கிய தொழில்முறை இசை நாடகக் குழு. பாலர் நாடக சபை என்றும் அழைக்கப்பட்டது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் ஆகிய வேடங்களைச் சிறுவர்களே ஏற்றனர். நாடகங்களில் உரையாடலைவிடப் பாட்டு மிகுதி. ஆகவே பாடத் தெரிவதே நடிகனின் முதல் தகுதியாக இருந்தது.

மேலைநாட்டு ஆப்பெராவில் இளம் பாடகர்களுக்கெனத் தனிப் பயிற்சித் திட்டங்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1957இல் தொடங்கப்பட்ட மெரோலா ஆப்பெரா திட்டம் கோடைக்காலத்தில் நடப்பது. அதில் பாடகர்களுடன், அவர்களுக்கு உடன் வாசித்துப் பாடம் ஏற்றும் பியானோ கலைஞர்களும் பயில்கின்றனர். முழு வாத்தியக்குழு வந்து சேரும்வரை ஒத்திகையில் அதன் இடத்தை நிரப்புவது அந்தப் பியானோதான். தமிழ் இசை நாடகத்தில் அந்த இடம் ஆர்மோனியத்துக்கு உரியது. ஆனால் இங்கே பயிற்சி ஒரு கோடையுடன் முடியவில்லை. சிறுவனின் குரல் உடையும்வரை நீண்டது.

தோற்றம்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பெரியவர்களைக் கொண்ட குழுக்களில் நடிகராகவும் ஆசிரியராகவும் இருந்தவர். பின்னர் சிறுவர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அவ்வாண்டு அதில் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. அச்சிறுவனுக்காகச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று கூறப்படுகிறது.

ஜெகந்நாதையரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபை, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் குழு ஆகியவையும் புகழ்பெற்றவை. எம்.ஆர். ராதா, எம்.ஜி. ராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகியோர் முறையே இவற்றில் சிறுவயதில் பயின்றனர்.

பயிற்சி முறை

சிறுவர்கள் கம்பெனி வீட்டில் தங்கினர். உணவும் இடமும் கம்பெனியின் பொறுப்பு. குழு ஊர் ஊராகச் செல்லும்போது அவர்களும் உடன் சென்றனர். நாடக ஆசிரியர் 'வாத்தியார்' எனப்பட்டார். அவர் பாட்டையும் வசனத்தையும் வாய்மொழியாகச் சொல்ல, சிறுவர்கள் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தனர். இதற்குப் 'பாடம்' என்று பெயர். பகலில் பாடமும் ஒத்திகையும், இரவில் நாடகமும் நடந்தன.

பல சிறுவர்கள் வறுமையால் சேர்க்கப்பட்டவர்கள். தந்தை இறந்தபின் குடும்பம் நொடித்துப்போனதால் எம்.ஜி. ராமச்சந்திரனும் அவர் அண்ணன் சக்கரபாணியும் கம்பெனிக்கு வந்தனர். மூன்று வேளைச் சோறும் ஒரு கலையும் கிடைத்தன. பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது.

ஆர்மோனியமும் கட்டையும்

ஆர்மோனியத்துக்குப் பாரிஸில் அலெக்சாண்டர் தெபென் 1842இல் காப்புரிமை பெற்றார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகம் வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் அது தமிழ் மேடையில் இடம்பெற்றது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971வரை அத்தடை நீடித்தது. ஆயினும் நாடக மேடை அதைக் கைவிடவில்லை.

பாடகரின் சுருதியைக் 'கட்டை' என்று எண்ணிச் சொல்லும் வழக்கம் ஆர்மோனியத்தின் கட்டைகளிலிருந்து வந்தது. முதல் வெள்ளைக் கட்டையை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் அது ஒரு கட்டை. அடுத்த வெள்ளைக் கட்டை இரண்டு. இடையிலுள்ள கறுப்புக் கட்டை ஒன்றரை. மூன்றாவது, நான்காவது வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே கறுப்புக் கட்டை இல்லை. எனவே மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டும். உயர்ந்த சுருதியில் பாடும் சிறுவனின் குரலுக்கு அதனால் மதிப்பு மிகுந்தது. ஆர்மோனியக்காரர் பாட்டுக்கு முன் சுருதி காட்டினார், பாடும்போது உடன் வாசித்தார், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலான வெளியை நிரப்பினார். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சிறுவயதில் நடித்த எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933), வளர்ந்த பிறகும் உயர்ந்த சுருதியில் பாடிப் புகழ்பெற்றார். அவருக்கு ஆர்மோனியம் வாசித்தவர்களுள் அவருடைய அண்ணன் காசி ஐயரும் ஒருவர்.

மகரக்கட்டு

பதின்பருவத்தில் ஆண் குரல் உடைந்து தடிப்பதை நாடக உலகம் 'மகரக்கட்டு' என்றது. நேற்றுவரை ஐந்து கட்டையில் பாடியவனுக்கு மேல் ஸ்தாயி எட்டாமல் போகும். ஆர்மோனியக்காரர் கட்டையைக் குறைத்து வாசிக்கலாம். ஆனால் உடைந்த குரலில் ஸ்திரீபார்ட் பாட்டு பழையபடி ஒலிக்காது.

17, 18ஆம் நூற்றாண்டுகளின் இத்தாலிய ஆப்பெரா, இந்த மாற்றத்தைத் தடுக்கவே சிறுவர்களுக்கு விதையடிக்கும் கொடுமையைச் செய்தது. தமிழ் நாடகக் குழுக்கள் உடலைத் தொடவில்லை. ஆளை மாற்றின. உடைந்த குரலின் இடத்துக்கு வேறொரு சிறுவன் வந்தான். முன்னவன் வேறு வேடத்துக்கு மாற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும்.

பி.யு. சின்னப்பா (1916–1951) குரல் உடைந்தபின் கம்பெனியை விட்டுச் சொந்த ஊரான புதுக்கோட்டைக்குத் திரும்பினார். அங்கே கர்நாடக இசையை முறையாகக் கற்றார். புதிய குரலுடன் திரைக்கு வந்து, 'உத்தம புத்திரன்' (1940) படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். எல்லோருக்கும் இத்தகைய இரண்டாம் வாய்ப்பு அமையவில்லை.

மாற்றம்

1931இல் பேசும்படம் வந்தது. ஒலிவாங்கியின் வரவால் உயர்ந்த சுருதியின் தேவை குறைந்தது. பின்னணிப் பாடல் முறை, நடிகர் பாட வேண்டியதில்லை என்றாக்கியது. 'பராசக்தி' (1952) படத்தில் சிவாஜி கணேசனுக்காக சி.எஸ். ஜெயராமன் பாடினார். பாய்ஸ் கம்பெனியில் பெற்ற பயிற்சியில் பாட்டு பின்தங்க, வசன உச்சரிப்பு முன்னுக்கு வந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற நாடகங்கள் ஆர்மோனியத்துடன் ஸ்பெஷல் நாடகங்களாகத் தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் நடக்கின்றன.

இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் பாட்டு பயிலும் சிறுவர்களும் தம் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்கின்றனர். அவர்கள் பள்ளிக்கும் செல்கின்றனர். குரல் உடைந்தால் கட்டையைக் குறைத்துக்கொண்டு பாட்டைத் தொடர முடிகிறது. பாய்ஸ் கம்பெனிச் சிறுவனுக்கோ அந்தக் குரல்தான் சோறு.