காய்ச்சும் கை: கொங்குத் தோற்கருவிகளில் ஆக்கமும் பேணலும்

மேட்டுப்பாளையம் வட்டாரத்துக் கோயில் நோம்பிகளில் தப்பட்டைக்காரர், அதாவது பறையடிப்பவர், முதலில் தேடுவது காய்ந்த தென்னையோலையைத்தான். மூட்டிய தீயின் ஓரமாகப் பறை முகத்தைக் காட்டி, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்புகிறார். இடையிடையே விரலால் தட்டிக் காது கொடுக்கிறார். மொத்தென்று கிடந்த ஒலி சற்று நேரத்தில் கணீரென்று ஏறுகிறது. நாட்டார் கலை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இதை வாசிப்புக்கு முந்திய ஆயத்தம் என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. பறை செய்யும் வேலையின் கடைசிப் படி இதுவே என்பதும், அடிக்கும்தோறும் அந்தப் படியை மறுபடி ஏற வேண்டியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தோலின் இயல்பே இதற்குச் சான்று. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் செருப்புக்கு ஆகும். பறைக்கு வேண்டியது பதனிடாத பச்சைத் தோல். மயிர் நீக்கி, சதையும் கொழுப்பும் வழித்தெடுத்து, ஈரமாக இருக்கும்போதே சட்டத்தின் மேல் இழுத்து ஒட்டுகிறார்கள். சட்டம் என்பது வளைவாகச் செதுக்கிய மூன்று வேப்பமரத் துண்டுகளை இரும்புத் தகட்டால் இணைத்த வளையம். குறுக்களவு ஏறத்தாழ 35 செ.மீ. புளியங்கொட்டையை வறுத்து, மேல்தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையே தோலை விளிம்போடு பிடித்துவைக்கிறது. உலர உலரத் தோலிலுள்ள கொலாஜன் இழைகள் நீரை இழந்து நெருங்குகின்றன. தோல் சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது. பறையின் ஒலி இந்த இழுபறியில் பிறக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் இழைகள் மீண்டும் நீர் குடித்துத் தளர்ந்துவிடும்.

நீலகிரி அடிவாரத்தில், பவானிக் கரையில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில், ஐப்பசி அடைமழைக் காலத்தில் இந்தத் தளர்ச்சி அன்றாடத் தொல்லை. பறையைத் தரையில் வைக்கலாகாது, மாட்டித்தான் வைக்க வேண்டும். எலி கடிக்கும், வண்டு அரிக்கும். தீயிலும் ஆபத்து உண்டு. நனைந்த பச்சைத் தோல் 60–65 பாகை செல்சியஸ் சூட்டிலேயே சுருண்டுவிடும், மறுபடி நேராகாது. உலர்ந்த தோல் அதைவிட அதிகம் தாங்கும். ஆகவே தோலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கணித்த பிறகே தீயின் தொலைவை முடிவுசெய்ய முடியும். காய்ச்சுபவருக்கு அதை அளக்க விரல்நுனியும் காதும் மட்டுமே உண்டு. இதை அறிவு என்று சொல்லாமல் பழக்கம் என்று ஒதுக்குவது ஆய்வுப் பிழை.

தோற்கருவியைப் பேணுவது ஒரு காலத்தில் பாடலில் இடம்பெறும் அளவுக்குப் பெருமையாக இருந்தது. புறநானூற்றின் 50ஆம் பாடலில், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசை நீராட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள். அது திரும்புவதற்குள் மோசிகீரனார் முரசுகட்டிலில் ஏறி உறங்கிவிடுகிறார். மன்னன் அவரைத் தண்டிக்காமல் விசிறி வீசியதையே நாம் பேசுகிறோம். வார் இறுக்கிய முரசு, அதற்கென ஒரு நீராட்டு, அதற்கென ஒரு கட்டில் என்று பேணல் முறை அதே பாடலில் பதிவாகியிருப்பதைக் கவனிப்பதில்லை. கொங்கை ஆண்ட சேரர் கிளையின் முரசு அது. அரசனின் முரசுக்குக் கிடைத்த மரியாதை ஊர்ப் பறைக்குக் கிடைக்கவில்லை. தோலைத் தொட்ட கை தீட்டு என்றானது. அந்தக் கையின் அறிவும் கூடவே ஒதுக்கப்பட்டது.

நீலகிரி மலைமேல் வாழும் கோத்தர் பழங்குடியினர் கொல்லு, தச்சு, தோல் வேலை, இசை எல்லாவற்றையும் தாங்களே செய்தவர்கள். செய்பவர் வேறு, கலைஞர் வேறு என்று நாம் போடும் கோடு அவர்களிடம் செல்லாது. அயலார் இழிவாகப் பார்த்ததும் அவர்களுடைய இந்தத் தொழில்களைத்தான்.

1957 அளவில் அமெரிக்காவில் மேளங்களுக்குத் தோலுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் முகங்கள் சந்தைக்கு வந்தன. இன்று பறைக்கும் ஃபைபர் முகம் கிடைக்கிறது. மழையில் அடிக்கவும் பிள்ளைகள் பழகவும் அது உதவும். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தீ தேவைப்படாத பறையில் தோலின் ஈரம் அறியும் கைக்கும் வேலை இல்லை.

2025இல் பறையிசைக்காக வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலே எழுதினார். கவனம் கூடிவரும் இந்த நேரத்தில், கொங்குப் பறையையும் துடும்பு என்னும் மேளத்தையும் பதிவுசெய்யப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் அடி விழும்போது ஒளிப்பதிவைத் தொடங்காதீர்கள். ஓலை பற்றவைக்கும்போதே தொடங்குங்கள். தோல் போர்த்தியவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.