கற்பனை நாடும் கண்ணீர் நாடும்

1946 சனவரி 8. கோவைச் சிறையிலே நால்வர் தூக்கிலிடப்பட்டனர். இராமையன், வெங்கடாசலம், சின்னையன், இரங்கண்ணன். சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர்கள். பெண் தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட கொடுமை. அதனால் மூண்ட மோதல். நிர்வாகத்தின் அடியாள் ஒருவன் சாவு. முடிவில் தூக்குக் கயிறு! மணிமுடி தரித்த மன்னன் அங்கே இல்லை. மதில் சூழ்ந்த கோட்டையும் இல்லை. ஆயினும் ஆள்வோர் இருந்தனர், மாள்வோர் இருந்தனர்.

அதே கோவையிலே அட்டைக் கோட்டைகள் எழுந்த இடமும் இருந்தது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோ! 1947-ல் ஜூபிடர் நிறுவனத்தின் 'ராஜகுமாரி' அங்கே உருவாயிற்று. எம்.ஜி.ஆர். முதன்முதல் கதாநாயகன் ஆனார். கலைஞர் கருணாநிதி உரையாடலுக்குத் துணைநின்றார். பெயரில்லா நாடு, பேராசை பிடித்த ஆட்சி, பொங்கி எழும் குடிமகன் என்னும் கதை மரபு தமிழ்த் திரையிலே வேர்விட்ட காலம் அது.

ஆலையைப் பற்றி நேரே சொல்லாமல் அரண்மனையைக் காட்டுவானேன்? 1876-ன் நாடகச் சட்டமும் 1918-ன் திரைப்படச் சட்டமும் வெள்ளையன் நாட்டியவை. அவன் போனான், தணிக்கை போகவில்லை. ஊரில்லா மன்னனை ஏசினால் எவன் வழக்குப் போடுவான்? மேல்நாட்டார் வருங்காலத்தைத் திரையாக்கினர். 1927-ல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்திலே முதலாளிகள் வானுயர் மாடங்களில், தொழிலாளர்கள் நிலத்தடியில். 1949-ல் ஆர்வெல் தம் அச்சத்தை 1984-ஆம் ஆண்டிலே வைத்தார். அவர்கள் நாளைக்குச் சென்றனர். நாம் நேற்றைக்குச் சென்றோம். இருவரும் பேசியது இன்றைப் பற்றியே!

1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'மந்திரி குமாரி'யைத் தந்தது. அரசன் அரியணையில்; ஆட்டுவிப்பவனோ ராஜகுரு! அவன் மகன் பகலிலே பெரியமனிதன், இரவிலே கொள்ளைக்காரன். கொட்டகையிலே அமர்ந்திருந்த நெசவாளிக்கு விளக்கவுரை வேண்டியிருந்ததா? 1954-ல் கோவைப் பட்சிராஜா நிறுவனம் நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' புதினத்தைப் படமாக்கியது. உள்ளவனிடம் பறித்து இல்லாதவனுக்கு ஈந்தான் கள்ளன். 1958-ல் 'நாடோடி மன்னன்' அரியணை ஏறி ஏழைகளுக்குச் சட்டம் வகுத்தான். கற்பனை அத்துடன் நிற்கவில்லை. உரையாடல் தீட்டியவர் 1969-ல் முதலமைச்சர். வாளேந்தியவர் 1977-ல் முதலமைச்சர்!

பெருமைதான். ஆனால், தோழர்களே, பகுத்தறிவாளர் நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? மலைக்கள்ளனும் முடிவிலே செல்வர் வீட்டுப் பிள்ளையாகவே வெளிப்படுகிறான். நாடோடிக்கும் மன்னனின் முகச்சாயல் தேவைப்பட்டது. அடக்கப்பட்ட கூட்டம் கைகட்டி நிற்க, ஒருவன் வந்து மீட்கிறான். அவதாரம் வரும், அக்கிரமம் அழியும் என்றவர்களைப் பார்த்துச் சிரித்தோமே! குதிரைமீது வாளுடன் வந்தால் மட்டும் அது அவதாரம் அல்லவா?

கற்பனை நாடு கண்ணாடி. அதிலே கொடுமையைக் கண்டு கொதித்தோம்; நன்று. அந்தக் கண்ணாடியிலே தெரியாத நால்வர் உண்டு. அவர்களுக்கு மாறுவேடம் இல்லை, மறைந்திருந்த அரச குருதி இல்லை, இறுதிக் காட்சியிலே பறந்துவந்த விடுதலை ஆணையும் இல்லை. தங்களோடு உழைத்த பெண்ணின் மானம் தங்கள் மானம் என்று எண்ணினர், அவ்வளவே.

மீட்பன் வருவான் என்று காத்திருப்போர் கொட்டகையிலேயே இருந்துவிடலாம். நாம் வெளியே வருவோம். வாயிலிலே நிற்கிறது உண்மையான நாடு.